கடைசி மடக்கிலிருந்து 73 மணி நேரம்: ஒரு கிளைச் சிறை நிகழ்வு ஆய்வு

புதிதாக ஒருவர் சிறைக்குள் வந்தால், அவர் வாசலைத் தாண்டிய நேரம் அட்மிஷன் பதிவேட்டில் ஏறிவிடும். அதைவிட முக்கியமான நேரம் ஒன்று உண்டு. அவர் கடைசியாக எப்போது குடித்தார் என்பது அது. தினமும் குடித்துப் பழகிய ஒருவர் திடீரென்று குடியை நிறுத்தினால் முதல் நான்கு நாட்கள் உயிருக்கே ஆபத்தானவை. கைது என்பது அப்படிப்பட்ட திடீர் நிறுத்தம்தான். அந்த நான்கு நாட்களில் முதல் நாள் பெரும்பாலும் காவல் நிலையத்திலேயே கழிந்துவிடுகிறது. மீதி மூன்றும் சிறைக் காவலரின் கையில் வந்து சேர்கின்றன.

கீழே வருவது தனியொரு மனிதருடைய கதையல்ல. கிருஷ்ணகிரி, தருமபுரி பகுதிக் கிளைச் சிறைகளில் எப்படி நடக்குமோ அதை ஒரே ஆளின் மூன்று இரவுகளாகக் கோத்திருக்கிறோம். இதில் வரும் சிறையோ மருத்துவமனையோ ஆட்களோ குறிப்பிட்ட யாரையும் சுட்டவில்லை. மருத்துவ விவரங்களும் சட்ட விவரங்களும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

வந்தவர்

வயது 44. மாங்கூழ் ஆலையில் லோடுமேன். மே மாதம், சீசன் உச்சத்தில் இருந்தது. சனிக்கிழமை இரவு 9 மணிக்குக் கடைசியாகக் குடித்தார். அதன்பின் மைத்துனரோடு வாசலில் தகராறு, கட்டையால் அடித்ததில் மைத்துனருக்குக் கை எலும்பு முறிந்தது. 11:30 மணிக்குக் காவல் நிலையம். ஞாயிறு மாலை 4 மணிக்கு அரசு மருத்துவமனையில் ரிமாண்டுக்கு முந்தைய பரிசோதனை. 6 மணிக்கு நீதித்துறை நடுவர் வீட்டில் ஆஜர். இரவு 8:30 மணிக்குக் கிளைச் சிறை.

கடைசி மடக்கிலிருந்து கணக்குப் போட்டால் மருத்துவர் அவரைப் பார்த்தது 19ஆவது மணியில். அப்போதே கை நடுங்கியது. பயத்தில் நடுங்குகிறார் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பரிசோதனையில் முதலில் தேடப்படுவது அடிபட்ட காயம். காயம் இல்லை, பேச்சு தெளிவாக இருந்தது, சான்று கிடைத்தது. அந்தச் சான்றை வைத்துக்கொண்டு 'டாக்டர் பார்த்துட்டாரு' என்று சிறை வாசலில் நிம்மதியடைவதுதான் முதல் பிழை. சான்று சொல்வது அந்த மாலையின் நிலையை. இரண்டு நாள் கழித்து என்ன ஆகும் என்று அது எதுவும் சொல்லாது.

வாசலில் நடந்தது

அறைகளைப் பூட்டும் லாக்கப் முடிந்த பிறகு வரும் அட்மிஷன் எப்போதும் அவசரத்தில்தான் நடக்கும். வாரண்டைப் பார்க்க வேண்டும்: பெயர், தகப்பனார் பெயர், வயது, குற்ற எண், சட்டப் பிரிவு, ரிமாண்ட் முடியும் தேதி, நடுவரின் கையெழுத்து, முத்திரை. இவற்றில் ஒன்று பிசகினாலும் ஆளை எடுக்க முடியாது. பிறகு அடையாள மச்சங்கள், உடைமைப் பட்டியல், கைப்பணத்தைக் கணக்கில் ஏற்றுவது, உடல் சோதனை. பெல்ட்டும் கயிறும் வெளியே எடுக்கப்படும். அரைஞாண் கயிற்றையும் கழற்றச் சொல்வார்கள். முதல் நாட்களில் தூக்கு முயற்சிக்கு வாய்ப்பு அதிகம் என்பதால் இதில் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் பிறந்ததிலிருந்து இடுப்பில் இருந்ததை அறுக்கச் சொல்லும்போது பலர் அங்கேதான் உடைந்து அழுகிறார்கள். அந்த நேரத்தில் நிதானமாகப் பேசும் காவலரிடம்தான் அடுத்த கேள்விக்கு உண்மையான பதில் வரும்.

1894ஆம் ஆண்டின் சிறைகள் சட்டம், பிரிவு 24, உள்ளே வரும் ஒவ்வொருவரின் உடல்நிலையையும் காயங்களையும் பதிவு செய்யச் சொல்கிறது. அந்தக் காயக் குறிப்பு எவ்வளவு கனமான ஆவணம் என்பதை 2020 ஜூனில் தமிழ்நாடு முழுவதும் பார்த்தது. சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் ரிமாண்டில் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டு இறந்தார்கள். அதன்பிறகு சிறை வாசலில் சட்டையைக் கழற்றிப் பார்த்துக் காயத்தை எழுதுவது பற்றி யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. குடிப்பழக்கத்தைக் கேட்டு எழுதுவதில்தான் இன்னும் அந்தக் கவனம் வரவில்லை. சிறைவாசிகளை நடத்துவது பற்றிய ஐ.நா.வின் 2015ஆம் ஆண்டு மண்டேலா விதிகளில் 30ஆவது விதி, முதல் பரிசோதனையிலேயே மது, போதைப்பொருள், மருந்து ஆகியவற்றை நிறுத்துவதால் வரும் அறிகுறிகளைத் தேட வேண்டும் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

நம் ஆளிடம் அன்றிரவு கேட்கப்பட்டது ஒரே கேள்வி: "குடிப்பியா?" பதில்: "எப்பனாச்சும் சார்." அதோடு முடிந்தது.

இந்தக் கேள்வியால் பயனில்லை. வழக்கோ குடித்துவிட்டு அடித்த வழக்கு, குடிப்பேன் என்று சீருடைக்காரரிடம் ஒப்புக்கொண்டால் வழக்கு கனமாகும் என்று எவரும் நினைப்பார். அளவைக் கேட்டாலும் "ஒரு கட்டிங் தான்" என்றுதான் வரும். கட்டிங் என்றால் 90 மில்லி. உண்மையில் இந்த மனிதர் சீசன் முழுக்க நாளுக்கு மூன்று குவார்ட்டர் குடித்துக்கொண்டிருந்தார். 42.8 சதவீதச் சரக்கில் 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. மூன்று என்றால் 180 கிராம். உண்மையை வரவழைக்கும் கேள்விகள் வேறு மாதிரியானவை. "காலையில எழுந்ததும் கொஞ்சம் போடலைன்னா கை நிக்குமா?" "கடைசியா எந்த நாள் குடிக்காம இருந்தீங்க, அன்னிக்கு ராத்திரி தூக்கம் வந்துச்சா?" "முன்ன எப்பவாச்சும் நிறுத்தினப்போ வலிப்பு வந்துருக்கா?" இந்த மூன்றில் ஒன்றுக்கு ஆம் என்று வந்தாலே போதும், மருத்துவருக்குச் சொல்லியாக வேண்டும். கேட்பதற்கு முன்னால், "இது உங்க உடம்புக்காக, கோர்ட்டுக்குப் போகாது" என்று சொல்லிவிட்டுக் கேட்டால் பெரும்பாலானவர்கள் மறைப்பதில்லை. அப்படிச் சொன்னால் அந்த வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும்.

ஓசூர்ப் பக்கம் இன்னொரு சிக்கல். தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்த இந்தி, ஒடியா, வங்காளிக்காரர்களும், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துத் தெலுங்கு, கன்னடக்காரர்களும் உள்ளே வருவார்கள். வேறொரு சிறைவாசியை மொழிபெயர்க்கச் சொல்வது எளிது, ஆனால் அவர் முன்னால் வந்தவர் வாயைத் திறக்க மாட்டார். சைகையே மேல்: இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி விரல்களை விரிக்கச் சொல்லுங்கள். நடுக்கம் மொழி பார்க்காது.

உள்ளே என்ன நடக்கிறது

மது மூளையின் வேகத்தை அடக்கும் பொருள். தினமும் குடிப்பவரின் மூளை அந்த அடக்கத்தை ஈடுகட்டத் தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் சேர்த்து மிதித்தே ஓடிப் பழகிய லாரியில், தொப்பூர் இறக்கத்தில் பிரேக்கிலிருந்து மட்டும் காலை எடுத்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கே நடக்கிறது. நிறுத்திய 6 முதல் 12 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு. பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் டெலிரியம் என்ற புத்தித் தடுமாற்றம் வரலாம். எல்லோருக்கும் இது வராது, குடியை நிறுத்துபவர்களில் 100க்கு 5 பேருக்கும் குறைவானவர்கள்தான் டெலிரியம் வரை போகிறார்கள். ஆனால் வலிப்பு வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது. கவனிக்காமல் விட்டால் இதில் மூன்றில் ஒருவர் வரை இறந்ததாகப் பழைய மருத்துவப் பதிவுகள் சொல்கின்றன. சிகிச்சை கிடைத்தால் இறப்பு 100க்கு 5க்கும் கீழே. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் காவலரின் வேலை இருக்கிறது.

முதல் இரவு

திங்கள் அதிகாலை 3 மணி, 30ஆவது மணி. அறையில் எட்டுப் பேர். பக்கத்தில் படுத்திருந்தவர் கம்பியைத் தட்டினார்: "ஐயா, இவருக்கு இழுக்குது, சாவி குடுங்க!" பாராவில் இருந்த காவலர் சாவிக்கொத்தைக் கம்பி வழியே உள்ளே நீட்டினார். இரும்பைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்பது ஊரெல்லாம் இருக்கும் நம்பிக்கை. ஒரு நிமிடத்தில் வலிப்பு நின்றது, சாவியால் நின்றது என்றே அறையில் எல்லோரும் நம்பினார்கள். பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே நிற்பவை. சாவி கொடுப்பதால் விரலும் பல்லும் உடையலாம், அதோடு சிறைச் சாவி ஒரு சிறைவாசி அறைக்குள் போய்விட்டது என்பது தனியாகவே பெரிய தவறு. செய்ய வேண்டியது சின்னது: தலைக்கடியில் துணி, ஒருக்களித்துப் படுக்கவைப்பது, வாயில் எதையும் திணிக்காமல் இருப்பது, கடிகாரத்தைப் பார்ப்பது. 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ காத்திருக்காமல் 108.

அன்றிரவு எழுதப்பட்டது: 'வலிப்பு, பின் சரியானது.' 44 வயதில், முன்பு வலிப்பே வராத ஒருவருக்கு முதல்முறையாக வருவது சாதாரணம் இல்லை. அது குடியாகவும் இருக்கலாம். தகராறில் தலையில் அடிபட்டு உள்ளே ரத்தம் கசிவதாகவும் இருக்கலாம், சர்க்கரை இறங்கியதாகவும் இருக்கலாம். மூன்றுமே அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை.

ஏன் அனுப்பவில்லை? இரவுப் பணியில் ஓரிருவர்தான். பூட்டிய அறையைத் தனியொரு காவலர் இரவில் திறக்கக் கூடாது, பொறுப்பு அலுவலர் வர வேண்டும். வெளியே அனுப்ப ஆயுதப்படையிலிருந்து வழிக்காவல் கேட்க வேண்டும். மருத்துவமனையிலிருந்து ஆள் தப்பினால் கூடப் போன காவலர் சஸ்பெண்ட். ஒன்றுமில்லாததற்கு எழுப்பினாய் என்ற பேச்சு வேறு. இந்தப் பயங்கள் நியாயமானவை, இவற்றைத் தனி மனிதரின் அலட்சியம் என்று எழுதிவிட்டுப் போவது அநியாயம். ஆனால் எந்தெந்த அறிகுறிக்கு யாரையும் கேட்காமல் 108ஐ அழைக்கலாம் என்று பொறுப்பு அலுவலர் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டு பாரா இடத்தில் ஒட்டியிருந்தால் இந்தப் பயங்களில் பாதி போய்விடும். அந்த ஒரு தாளுக்குச் செலவு எதுவும் இல்லை.

காலை 10 மணிக்குப் புறநோயாளிப் பிரிவுக்கு அழைத்துப் போனார்கள். முழுநேர மருத்துவர் பெரும்பாலான கிளைச் சிறைகளில் கிடையாது. கூடப் போனவர் இரவுப் பணியில் இல்லாதவர், கையில் இருந்த சீட்டில் 'வலிப்பு' என்று மட்டும் இருந்தது. மருத்துவர் வலிப்பு நோய்க்கான ஃபெனிடாயின் எழுதினார். அவருக்குக் கிடைத்த தகவலுக்கு அது சரிதான். ஆனால் குடி நிறுத்தத்தால் வரும் வலிப்பை ஃபெனிடாயின் தடுக்காது, அடுத்து வரப்போகும் டெலிரியத்தையும் தடுக்காது. அதற்கு வேண்டியவை டயசிபாம், லோராசிபாம் வகை மருந்துகள். 'கடைசியாகக் குடித்தது சனி இரவு 9, தினமும் 3 குவார்ட்டர்' என்று ஒரு வரி சீட்டில் இருந்திருந்தால் அன்றே படுக்கையில் சேர்த்திருப்பார்கள்.

இரண்டாம், மூன்றாம் இரவுகள்

திங்கள் இரவு அவர் தூங்கவில்லை. எழுந்து உட்கார்ந்தார், சுவரோடு பேசினார். களியும் தொடவில்லை, சோறும் தொடவில்லை. செவ்வாய் காலை எண்ணிக்கையின்போது வரிசையில் உட்காரச் சொன்னால் எழுந்து நடந்தார். "சரக்கு வேணும்னு நடிக்கிறான்" என்ற முடிவுக்கு எல்லோரும் வந்திருந்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு சொல். எண்ணிக்கை வரிசையில் உட்கார மறுப்பதைக் கீழ்ப்படியாமை என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் இந்த இரண்டு மாவட்டங்களில் இன்னொரு வகையிலும் தவறாகிறது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமுள்ள ஊர்களில் வளர்ந்தவர்களில் சிலருக்கு முதுகும் முழங்காலும் விறைத்திருக்கும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அந்தப் பாதிப்பைக் குறைக்கத்தான். அவர்களால் குந்த முடியாது. உடம்பு முடியாததா, மனம் வராததா என்று பார்த்துவிட்டுத்தான் குரலை உயர்த்த வேண்டும்.

செவ்வாய் மாலை 6 மணி, 69ஆவது மணி. அவர் கிரேட் எண்ணத் தொடங்கினார். இல்லாத மாம்பழக் கிரேட்களைக் குனிந்து தூக்கி, அறையின் மூலையில் அடுக்கினார். "ஐயா, கேட்ட தெறங்க, லாரி நிக்குது, லோடு எறக்கிட்டு வந்துடறேன்." சட்டையிலிருந்து எறும்பைப் பொறுக்குவதுபோல் பொறுக்கினார். அறையில் இருந்தவர்களில் ஒருவர் பேய் பிடித்திருக்கிறது என்றார், இன்னொருவர் கையைக் கட்டிப்போடலாம் என்றார். இரவு 10:30ஐ நெருங்கும்போது இரண்டு பேர் அவரைக் குப்புறத் தள்ளி முதுகில் ஏறி உட்கார்ந்தார்கள்.

டெலிரியத்தில் இருப்பவர் தன் தொழிலின் அசைவுகளைச் செய்துகொண்டிருப்பது மருத்துவர்கள் நன்கறிந்த அறிகுறி. கொத்தனார் பூசுவார், ஓட்டுநர் ஸ்டியரிங் பிடிப்பார். நடிப்பவர் பார்வையாளர் போனதும் நிறுத்திவிடுவார், இவர்கள் யாரும் பார்க்காதபோதும் நிறுத்துவதில்லை. குப்புற அமுக்குவதோ மிகக் கொடிய ஆபத்து. காய்ச்சலோடும் படபடப்போடும் திமிறுபவரின் மார்பு விரிய இடமில்லாமல் போனால் மூச்சு சில நிமிடங்களில் நின்றுவிடலாம். பிடித்தே ஆகவேண்டும் என்றால் மல்லாக்கவோ ஒருக்களித்தோ, கை கால்களை மட்டும், குறைந்த நேரத்துக்கு.

இரவு 10:30க்குப் பணி மாறியது. புதிதாக வந்த தலைமைக் காவலர் அமுக்கியவர்களை விலக்கினார். கம்பியருகே குந்தி உட்கார்ந்து மூன்று கேள்வி கேட்டார்: இது எந்த இடம், இன்று என்ன கிழமை, நான் யார். பதில்: ஆலை, சனிக்கிழமை, மேஸ்திரி. நெற்றி கொதித்தது, சட்டை நனைந்திருந்தது. மணிக்கட்டில் நாடி பிடித்து அரை நிமிடம் எண்ணினார்: 66. நிமிடத்துக்கு 132. பொறுப்பு அலுவலரை அழைத்த கையோடு 108க்கும் சொன்னார். பேசியது இவ்வளவுதான்: "44 வயசு, தினமும் குடிச்சவர்னு தோணுது, உள்ள வந்து ரெண்டு நாள் ஆச்சு, நேத்து வலிப்பு, இப்ப ஆள் தெரியல, காய்ச்சல், நாடி 132." வழிக்காவல் வரும் வரை காத்திருக்காமல் இருக்கும் இரண்டு காவலர்களோடு ஆம்புலன்ஸ் கிளம்பியது.

மருத்துவமனையில் முதலில் சர்க்கரை அளவு பார்த்தார்கள். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசி, ஏனென்றால் நீண்டநாள் குடிப்பவர்களுக்கு அந்த வைட்டமின் வறண்டிருக்கும், அந்த நிலையில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்கு நிரந்தரப் பாதிப்பு வரலாம். பிறகு லோராசிபாம், கண் மஞ்சளாக இருந்ததால் கல்லீரலுக்கு அதுதான் பாதுகாப்பு. தகராறின் பின்னணியைக் கேட்டுத் தலைக்கு சி.டி. ஸ்கேனும் எடுத்தார்கள், கசிவு இல்லை. நான்காம் நாள் அவருக்குத் தன் பெயரும் இடமும் தெளிவாகத் தெரிந்தன. மூன்று இரவுகளில் நடந்தது எதுவும் நினைவில் இல்லை.

கட்டிலில் விலங்கு பற்றி ஒரு வார்த்தை. நடுவரின் அனுமதி இல்லாமல் மருத்துவமனைக் கட்டிலில் சிறைவாசியை விலங்கிட்டு வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995ல் சிட்டிசன்ஸ் ஃபார் டெமாக்ரஸி வழக்கில் சொன்னது. டெலிரியத்தில் திமிறுபவருக்கு விலங்கு மணிக்கட்டை அறுக்கும், அடுத்த வலிப்பில் எலும்பை முறிக்கும். கதவருகே ஒரு காவலர், ஜன்னல் பக்கம் ஒரு காவலர், இரண்டு மணிக்கொரு முறை இடம் மாற்றம் என்பதே தப்பிக்காமல் பார்ப்பதற்கும் போதுமான ஏற்பாடு.

எழுத வேண்டிய இடம்

சாதி கேட்கும் கட்டத்தைச் சிறைப் பதிவேடுகளிலிருந்து நீக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் தீர்ப்பளித்தது. அப்படிக் காலியாகும் இடத்தில் 'கடைசியாகக் குடித்த நாள், மணி' என்று ஒரு கட்டம் வர வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. அதில் எழுதிய மணியோடு 96ஐக் கூட்டி அந்த முடிவு நேரத்தையும் பக்கத்தில் எழுதிவிட்டால், பணி மாறும் ஒவ்வொருவருக்கும் எதுவரை கண்காணிக்க வேண்டும் என்பது ஒரே பார்வையில் தெரியும். அதுவரை அவரை பாராவிலிருந்து பார்க்கக்கூடிய அறையில், தரையில், கம்பிக்கு அருகில் படுக்கவைக்க வேண்டும். தனியறை கூடாது. பகலில் நான்கு மணிக்கொரு முறை, இரவில் இரண்டு மணிக்கொரு முறை நான்கு விஷயம் போதும்: நீட்டிய கையில் நடுக்கம், வியர்வை, நாடி, இடமும் கிழமையும் தெரிகிறதா. நாடி 100ஐத் தாண்டி நடுக்கமும் இருந்தால் மருத்துவர். கிழமை தெரியவில்லை என்றாலோ வலிப்பு வந்தாலோ 108. கள்ளச்சாராயம் குடித்தவர் என்று தெரிந்து, கண் மங்கலாக இருக்கிறது என்று சொன்னால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹாலால்தான், அதற்குச் சிகிச்சை முற்றிலும் வேறு.

வீட்டாரைக் கேட்பதும் உதவும். முதல் மனுவுக்கு, அதாவது சிறையில் பார்க்க, வரும் மனைவியிடமோ அண்ணனிடமோ "தினமும் எவ்வளவு குடிப்பார்" என்று கேட்டால் தயங்காமல் சொல்வார்கள், அவர்கள் அதை வருடக்கணக்காகச் சுமந்தவர்கள். நம் ஆளின் மனைவி திங்கள்கிழமையே வாசலில் நின்றிருந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

கடைசியாக, இடமாற்றம். கிளைச் சிறையிலிருந்து சேலம் மத்திய சிறைக்கு அனுப்பப்படுபவர்கள் பலர் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில்தான் வேனில் ஏறுகிறார்கள். ஆபத்து உச்சத்தில் இருக்கும் நேரம் அது. 96 மணி முடியாதவரையும் நடுக்கம் நிற்காதவரையும் ஏற்றக் கூடாது. நிர்வாகக் காரணத்தால் ஏற்றியே ஆகவேண்டும் என்றால், வாரண்டின் மேல் தனித்தாளில் கடைசியாகக் குடித்த நேரம், வலிப்பு வந்ததா, கொடுத்த மருந்து, கடைசியாக நாடி பார்த்த மணி ஆகிய நான்கையும் எழுதி, வழிக்காவல் தலைவரிடம் வாயாலும் சொல்லி, சேலத்தில் வாங்குபவரின் கையெழுத்தை அதே தாளில் பெற்றுவரச் சொல்ல வேண்டும். வேனில் அவரை ஓரச் சீட்டில் உட்காரவைக்க வேண்டும், தண்ணீர் பாட்டில் கூட இருக்க வேண்டும்.